எல்சி வீட்டுக்கு வந்த ஓவல் வைரம்

குடவாசல் கடைத்தெருவில் உள்ள அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்கள், "எல்சி இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார்கள். இல்லை என்றால், நாளைக்கு வருகிறோம் என்று நடையைக் கட்டிவிடுவார்கள். சர்க்கரைக்காக மாதாமாதம் குத்திக் குத்தி நரம்பே உள்ளே போய்விட்ட கிழவர்கள் கையில்கூட எல்சி ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். குட்டை விரல்கள் அவளுக்கு. முழங்கை மடிப்பில் அந்த விரலால் லேசாகத் தடவிப் பார்ப்பாள். ஊசி ஏறியதே தெரியாது. ஊருக்குள் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கைதான்.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. நம் பக்கத்தில் கதிர் முற்றிச் சாய்ந்தால்கூட இரண்டு நாள் பொறுப்பார்கள், இருபத்தொன்பது வயதுப் பெண் வீட்டில் இருந்தால் பொறுக்க மாட்டார்கள். இதற்கு முன்னால் வந்த வரன்கள் எல்லாம் கலர் கம்மி, உயரம் கம்மி என்று ஏதோ ஒரு நொட்டை சொல்லிவிட்டுப் போனார்கள். தம்பி ஆல்பின், அக்கா முடிந்தால்தான் தனக்கு என்று காத்துக்கிடந்தான். அப்பா மதலைமுத்து வயலுக்குப் போனாலும் வரப்பில் நிற்கிறவன் கேட்கிற முதல் கேள்வி, "பாப்பாவுக்கு எதுவும் அமைஞ்சுதா?" என்பதுதான்.

அமைந்தது. மாப்பிள்ளை கிளாட்சன், தஞ்சாவூர்ப் பையன், தோஹாவில் ஏ.சி. கம்பெனியில் இன்ஜினியர். கெட்டவனா என்றால் இல்லை. அதுதான் சங்கடமே! குடிகாரன், சண்டைக்காரன் என்றால் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இவன் போனில் மரியாதையாகத்தான் பேசுவான். என்ன, எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டுப் பேசுவான். வேலையை எந்த மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது, தோஹாவில் வேலைக்கு ஏன் போகத் தேவையில்லை, முடியை எது வரைக்கும் வெட்டிக்கொண்டால் முகத்துக்கு எடுப்பாக இருக்கும், எல்லாம் அவனே சொல்வான். முடிவில், "உனக்கென்ன, ஓகேதானே?" என்பான். எல்சி, "ம்" என்பாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் அந்த "ம்"கூடச் சொல்லவில்லை. தலையைக் குனிந்தாள், அவ்வளவுதான். குனிந்த தலையைப் பார்த்து, "பொண்ணுக்குச் சம்மதம்" என்று மாப்பிள்ளையின் அம்மா ரெஜினா டீச்சர் அறிவித்து, அந்த அம்மாவே ஸ்வீட்டையும் எடுத்து எல்சியின் வாயில் வைத்துவிட்டார். வாயில் லட்டு இருக்கும்போது யாரால் மறுப்புச் சொல்ல முடியும்? தவக்காலம் தொடங்குவதற்குள் நிச்சயதார்த்தம், ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று பங்குச் சாமியாரிடமும் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

மோதிரம் எடுக்கத் தஞ்சாவூருக்குப் போனது மாசிமாதத் தொடக்கத்தில். மாப்பிள்ளை வீடுதான் எடுத்தது. கிளாட்சன் முன்கூட்டியே படம் அனுப்பியிருந்தான். ஓவல் கட் வைரம், ஒற்றைக் கல், சுற்றிலும் ஒன்றும் இல்லாமல். "உன் விரல் கொஞ்சம் குட்டைல்ல? ஓவல் போட்டா நீளமாத் தெரியும். நிறையப் பாத்து விசாரிச்சுத்தான் சொல்றேன்" என்று அன்பாகத்தான் சொன்னான். எல்சி அன்றைக்கு முதல்முறையாகத் தன் விரல்களை விரித்துவைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஊருக்கே போதுமானதாக இருந்த விரல்கள்!

நகைக்கடை ராஜராஜன் டீச்சர் குடும்பத்துக்குப் பழக்கமானவர். பெரிய ஷோரூம் இல்லை, கண்ணாடிப் பெட்டி வைத்த பழைய கடை. கறுப்பு வெல்வெட் தட்டில் ஓவல் கற்களாக எடுத்து வைத்தார். வீடியோவில் கிளாட்சன் இருந்தான். டீச்சர் எல்சியின் கையைப் பிடித்து போனுக்கு முன்னால் நீட்டினார், திருப்பினார், மடக்கச் சொன்னார். "அந்த நடுவுல இருக்கறதும்மா. ஆங், அதேதான்" என்றான் அவன். ராஜராஜன் ஒருவர்தான் பாவம், "பாப்பாவுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். "பிடிச்சிருக்கு" என்று அம்மாவும் அப்பாவும் டீச்சரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பில் போடுகிற நேரத்தில்தான் டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காது. எங்க நாத்தனா தோடு எடுத்துட்டு வந்த அன்னைக்கே அவ வீட்டுக்காரர் வண்டியிலேர்ந்து விழுந்து கால ஒடைச்சுக்கிட்டார். நம்ம வேதத்துல இதெல்லாம் இல்லதான். இருந்தாலும் எல்சி மூணு நாள் போட்டுப் பாக்கட்டும். வீட்ல நல்லது கெட்டது எப்படின்னு பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

"தாராளமாக் கொண்டுபோங்க" என்றார் ராஜராஜன். "கல்லு ஒத்துக்கலன்னு திருப்பிக் கொடுத்தா நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இது காலங்காலமா உள்ளதுதான்."

பஸ்ஸில் மதலைமுத்து மீசையைத் தடவிக்கொண்டு, "சாமியாருக்குத் தெரிஞ்சா பிரசங்கத்துல வச்சுக் கிழிச்சிருவார்" என்றார். "எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. ஆனா எதுக்கு வம்பு?" அம்மா இருதயம்மாள் அதற்குள் ஆறாவது தடவையாகக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். எல்சி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.  ஆறு மாதமாக எல்லாப் பக்கமும் சாத்திக் கிடந்த வீட்டில் ஒரு கதவு லேசாகத் திறந்த மாதிரி இருந்தது அவளுக்கு. கெட்டது ஏதாவது ஒன்று நடந்துவிட்டால்? மோதிரம் திரும்பிப் போகும். மோதிரம் போனால் சகுனம் சரியில்லை என்று பேச்சு வரும். பேச்சு வந்தால் தேதி தள்ளும், விசேஷமே வைக்கக்கூடாத தவக்காலம் குறுக்கே விழும், அப்படியே கலைந்தாலும் கலையும்.

வீட்டுக்கு வந்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் மண்டி போட்டாள். "மாதாவே, பெரிசா ஒண்ணும் வேண்டாம். யாருக்கும் அடிபட வேண்டாம். மாடு ஒரு நேரம் பால் தராம இருந்தாக்கூடப் போதும்" என்று வேண்டிக்கொண்டாள். இப்படியும் ஒரு பெண் வேண்டிக்கொள்வாளா என்றால், வேண்டிக்கொண்டாள். பாழாய்ப்போன மாடு அன்றைக்கென்று ஒரு செம்பு கூடவே கறந்தது.

மறுநாள் இன்னும் மோசம், அதாவது ரொம்ப நல்லதாகப் போய்விட்டது. மதலைமுத்துவின் நெல், ஈரம் அதிகம் என்று அரசுக் கொள்முதல் நிலையத்து வாசலில் ஒரு வாரமாகத் தார்ப்பாய் போட்டுக் கிடந்தது. காலையில் கிழக்கே கருகருவென்று கறுத்துக்கொண்டு வந்தது. எல்சி வாசலில் நின்று அந்த மேகத்தையே பார்த்தாள். அப்பாவின் ஆறு மாத உழைப்பு நனைந்தால் தேவலை என்று நினைக்கிற அளவுக்கு நாம் வந்துவிட்டோமே என்று நினைத்தபோது, அவளுக்கே தன்மேல் வெறுப்பாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நனைய வேண்டாம், நனைய வேண்டாம் என்று மாற்றி வேண்டிக்கொண்டாள். இதைக் கேட்பதற்கு மட்டும் மாதா தயாராக இருந்தாள் போலிருக்கிறது. மழை முத்துப்பேட்டைப் பக்கம் போய்க் கொட்டியது. அடித்த காற்றில் நெல் காய்ந்து, மதியத்துக்குள் எடை போட்டு மூட்டை ஏறிவிட்டது. அப்பா சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, "கல்லு வந்த நேரம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அவளுக்கு மட்டும் அன்றைக்கு ஒரு கெட்டது நடந்தது. மோதிரத்தைக் கழற்றக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. கல் உயரமாக நின்றதால் கையுறை இறுக்கிப் பிடித்தது, கிழிந்தும் போனது. மாற்றிக்கொண்டு முபாரக் பாய்க்கு ரத்தம் எடுக்கப் போனாள். வழக்கமாக வருகிற மனிதர், வழக்கமான நரம்பு. விரல் வழக்கம்போல் உணரவில்லை. குத்தினாள், வரவில்லை. இன்னொரு தடவை குத்தினாள், அப்போதும் வரவில்லை. மூன்றாவது குத்தில் பாய் கையை இழுத்துக்கொண்டு, "என்னம்மா, இன்னைக்கு உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். எல்சிக்கு அழுகையே வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து யாரும் அவளிடம் கையை இழுத்துக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். "அம்மா, கை தவறிப்போச்சும்மா. மூணு தடவ குத்திட்டேன். மோதிரம் போட்டதுலேர்ந்து கை கையாவே இல்ல."

இருதயம்மாள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "வேலையத்தான் விடப்போறியே, அதுக்கென்ன இப்போ?" என்றாள்.

மூன்றாம் நாள் ஆல்பினுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு வரன் விசாரித்து வந்தது. இருதயம்மாளுக்கு மூட்டுவலிகூடக் குறைந்துவிட்டதாம். ஸ்கூட்டர் பஞ்சராயிற்று என்று எல்சி ஆசையாக இறங்கிப் பார்த்தால், எதிரிலேயே பஞ்சர் கடை. நல்லதெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து ஒருத்தியை இப்படிச் சுவரோடு ஒட்டவைக்குமா? அவளை ஒட்டவைத்தது.

சாயங்காலம் செபமாலை முடிந்தது. மதலைமுத்து போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ரெஜினா டீச்சர் லைனில் இருந்தார்.

"சொல்லுங்க சம்பந்தி. கெட்டது ஏதும் உண்டா?"

"கெட்டதா!" என்று ஆரம்பித்தார் மதலைமுத்து. நெல், மழை, மூட்டுவலி, ஆல்பினுக்கு வந்த வரன் என்று அடுக்கிக்கொண்டே போனார். மாட்டைக்கூட விடவில்லை.

"அப்ப ஒத்துக்கிச்சு. அட்வான்ஸ் போக மீதிய நாளைக்கே கடையில கட்டிரலாமா?"

இதுதான் கடைசி இடம் என்று எல்சிக்குத் தெரிந்தது. இதைத் தாண்டினால் நிச்சயதார்த்தத்தில் சாமியார் மோதிரத்தை மந்திரித்துக் கொடுத்துவிடுவார், அப்புறம் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள், அப்புறம் தாலி. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அப்பா, கல்லுக்கு ஒரு குறையும் இல்லப்பா. எனக்குத்தான் இந்தக் கல்யாணம் வேண்டாம்."

இருதயம்மாள் கையிலிருந்த செபமாலையைக் கீழே வைத்தாள். எல்சி நிறுத்தவில்லை. 

"அவரு நல்லவருதான். ஆனா எனக்குப் பிடிக்கல. ஒரு வார்த்தை நான் பேசுறதுக்கு அவரு இடம் வச்சதே இல்லப்பா. நான் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கேன். ஆல்பினுக்கு முதல்ல முடிங்க. என்னை விட்டுருங்க."

மதலைமுத்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் என்னவோ மாதிரி ஆயிற்று. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் ஏதோ கேட்கப்போகிறார் என்றுதான் எல்சி நினைத்தாள். அதற்குள் இருதயம்மாள் நெஞ்சில் படீரென்று அடித்துக்கொண்டாள்.

"இயேசு மரி சூசையே! பாத்தீங்களா டீச்சர், கல்லு வேலையக் காட்டிருச்சு! இருபத்தொம்பது வருஷத்துல பெத்தவங்கள எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத புள்ளைங்க இது. கருவாட்டுக் குழம்புல உப்பு இல்லன்னாக்கூடச் சொல்லாது. இத விரல்ல மாட்டுன மூணாம் நாள் இப்படிப் பேசுதுன்னா என்ன அர்த்தம்?"

"அதான் நானும் நினைச்சேன்" என்றது போன். "முதல்ல கழட்டச் சொல்லுங்க சம்பந்தி. இப்பவே தெரிஞ்சுதே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"அம்மா, கல்லு இல்லம்மா. நான்தாம்மா பேசுறேன்."

"கழட்டுடி!"

"நான் நல்லாத்தான் இருக்கேன். சத்தியமா நான்தாம்மா பேசுறேன்!" என்று எல்சி கத்தினாள். கத்தக் கத்த அவள் பக்கம் பலவீனமாகிக்கொண்டே போனது. எல்சி கத்தி அந்த வீட்டில் யார் கேட்டிருக்கிறார்கள்? மதலைமுத்துவின் முகத்தில் இப்போது நிம்மதி வந்துவிட்டது. அவருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. அவரே வந்து கையைப் பிடித்து மோதிரத்தை உருவினார். இருதயம்மாள் வேளாங்கண்ணி எண்ணெயை எடுத்து நெற்றியில் தேய்த்தாள். எல்சி தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அழுது ஓய்ந்து பேசாமல் இருந்தாள்.

"பாத்தீங்களா" என்றார் மதலைமுத்து போனைப் பார்த்து. "கழட்டுனதும் அடங்கிருச்சு."

மறுநாள் ராஜராஜன் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் மோதிரத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வேறு தட்டு எடுத்தார். அதுவும் ஓவல்தான். வீடியோவில் கிளாட்சன் இருந்தான். "அம்மா சொன்னாங்க. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டல்ல? நீ பேசினத நான் மனசுல வச்சுக்க மாட்டேன், விடு. இது அதைவிடக் கொஞ்சம் பெரிசு. உனக்கென்ன, ஓகேதானே?" என்றான். உண்மையான இரக்கத்தோடுதான் கேட்டான். டீச்சர் அவள் கையைப் பிடித்து போனுக்கு முன்னால் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதையும் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

பஸ்ஸில் மதலைமுத்து முன் சீட்டில் தூங்கிவிட்டார். பின்னால் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நீடாமங்கலம் தாண்டியதும் இருதயம்மாள் எல்சியின் மோதிரம் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கல்லு ஒண்ணும் பேச வைக்கலன்னு எனக்கும் தெரியும்டி" என்றாள் மெதுவாக. "இந்தத் தடவ மூணு நாளும் வாயத் தொறக்காம இரு."