காரைக்கால்–சென்னை: நோயின் பெயரைச் சொல்லாமல் ஒரு பயணம்

காரைக்காலிலிருந்து சென்னைக்கு நோயாளியைக் கூட்டிப்போவது எப்படி என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது 1982 புரட்டாசியில். அந்தச் சித்திரையில்தான் என் அக்கா வசந்தி மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனாள். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், காரைக்கால் தலத்தெருவில் ஒரு வாடகை வீட்டில் நடந்த புற்றுநோய் அறக்கட்டளையில் சம்பளமில்லாத பயிற்சி ஊழியராகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது.

வாசல் பலகையில் 'ஆதரவு மையம்' என்று மட்டும்தான் இருக்கும். நோயின் பெயரைப் போட்டால் யாரும் படியேற மாட்டார்களாம். முதல் நாளே செயலாளர் சொல்லிவிட்டார்: "பேஷண்டுகிட்ட வியாதிப் பேரச் சொல்லாதம்மா. கட்டின்னு சொல்லு, போதும். வூட்டுக்காரங்க நம்மள நம்பி ஒப்படைக்கிறாங்க." இதற்கு ஒரு அறக்கட்டளை, அதற்கு ஒரு செயலாளர். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படி என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர் நெரவிப் பக்கத்துச் செல்லம்மாள். நடவு வேலைக்குப் போகிறவர், நாற்பது வயதிருக்கும். சென்னையில் ஐந்து வாரம் கரண்ட் வைக்க வேண்டும் (கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வோம்). ஆடியில் போனவர் நாலாம் நாளே நடவென்று ஊர் திரும்பிவிட்டார். இந்தத் தடவையும் விட்டால் அப்புறம் வைத்தியமே இல்லை என்று டாக்டர் எழுதியிருந்தார்.

காலை 5.40க்கு நெரவியில் டவுன் பஸ், 40 பைசா. காரைக்காலில் 6.15க்குச் சென்னை பஸ். ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர், டிக்கெட் 27 ரூபாய். செல்லம்மாளின் கணவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "செக்கப்புதான், பத்து நாள்ல வந்துரலாம்" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வெட்கமில்லாமல் நானும் தலையாட்டினேன். வழியில் என் அக்கா இறந்ததைச் செல்லம்மாளிடம் சொன்னேன், எதில் இறந்தாள் என்று சொல்லவில்லை.

தரங்கம்பாடி, சீர்காழி தாண்டி 8.20க்குச் சிதம்பரம். பதினைந்து நிமிடம் நிற்கும். நான் டீ வாங்கித் திரும்பினால், செல்லம்மாள் பையோடு இறங்கி, காரைக்கால் பஸ் எங்கே நிற்கும் என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடவு கெடக்கு தங்கச்சி. வலிகூட இல்ல. ஒரு கட்டிக்கா இம்புட்டு தூரம்? தை அறுப்பு முடியட்டும், வாரேன்."

"தை வரைக்கும் தாங்காதுக்கா. அது வெறும் கட்டி இல்ல, புத்துநோய்."

அவர் அழவில்லை. பையைக் கீழே வைத்தார். "எப்பத் தெரியும்?"

"வைகாசியிலயே."

"வூட்டுல?"

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்பயே சொல்லியிருந்தா ஆடியில நான் ஏன் ஓடியாரேன்? என் ஒடம்பப் பத்தி என்னத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. படிச்ச பொண்ணு நீயும் கட்டின்னுதான சொன்ன?"

டிரைவர் ஹாரன் அடித்தார். செல்லம்மாள் ஏறி, என்னை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். பகல் 2.30க்குச் சென்னை. ஐந்து வாரமும் ஒரு நாள் தவறாமல் கரண்ட் வைத்துக்கொண்டார். கணவர் வந்து சத்தம் போட்டதால் அறக்கட்டளையில் என்னை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும்.

போகிறவர்கள் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். ஜன்னல் சீட் கேளுங்கள், டாக்டர் எழுதிய பழைய சீட்டுகளை எல்லாம் கையில் வைத்திருங்கள். நீங்கள் கூட்டிப்போகும் நோயாளிக்கு என்ன நோய் என்று பஸ் ஏறுவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தாங்கமாட்டார் என்று உறவுக்காரர்கள் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பாண்டிச்சேரி தாண்டியதும் செல்லம்மாள் ஒரே ஒரு தடவை திரும்பி, "ஒன் அக்காளுக்கும் இதுதானா? அவளுக்காச்சும் சொன்னியா?" என்று கேட்டார். தனக்கு என்ன வியாதி என்று வசந்தி என்னிடம் கேட்டாள். சாதாரணக் கட்டிதான் என்று நான்தான் சொன்னேன். அவள் அதை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளில் என் பட்டமளிப்பு விழாவுக்கு வந்து உட்கார்ந்து கைதட்டினாள்.