ஆறு மணிக்குக் கத்தும் பல்

என் மகளின் முன்பல் உடைந்ததற்கு நான்தான் காரணம். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், மழையில் நனைந்து கிடந்த கோயில் படிக்கட்டில் நின்றுகொண்டு "யாரு மொதல்ல கீழ போறதுன்னு பாப்பமா?" என்று கேட்டது நாற்பதைத் தாண்டிய நான். அவளுக்கு எட்டு வயது. அவள்தான் ஜெயித்தாள், முகம் குப்புற.

பல்லில் பாதியைக் காணோம். உடைந்த இடத்தின் நடுவில் சின்னச் சிவப்புப் புள்ளி. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. போனில் கெஞ்சி, அன்று மாலையே மலை இறங்கி வத்தலக்குண்டில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போய் நின்றோம்.

"இது பால்பல் இல்லீங்க, விழுந்தா திரும்ப மொளைக்காது" என்றார் அவர். "வெளிய பாக்கத்தான் பெரிய பல்லு. உள்ள வேரு இன்னும் வளந்துக்கிட்டு இருக்கு, நுனி மூடாம கெடக்கு. பல்லுக்குள்ள இருக்குற சதை உசுரோட இருந்தாத்தான் வேரு வளரும். அதனால அடிபட்டதை மட்டும் துளி எடுத்துட்டு, மருந்து வச்சு மூடுறேன். அப்புறம் பொறுமையா பாக்கணும்."

மரத்துப்போக ஊசி போடும் முன், பஞ்சைக் குளிர வைத்துப் பல்லில் தொட்டார். பாப்பா துள்ளினாள். "கூசுதுல்ல? அப்ப உசுரு இருக்கு."

இந்த ஒரு வரி போதாதா எனக்கு? கொடைக்கானலில் குளிருக்கா பஞ்சம்? எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் காலையில் ஐஸுக்கு அண்ணன். எல்லோரும் வெந்நீரில்தான் வாய் கொப்பளிப்போம். மறுநாள் முதல் பாப்பாவுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் என்று சட்டம் போட்டேன். குளியலறைக்கு வெளியே காதை வைத்து நின்றேன். உள்ளே "ஆஆஆ!" என்று ஒரு கத்தல். "ஸ்தோத்திரம்!" என்றேன் நான்.

"பல்லுக்கு உசுரு இருக்கோ என்னவோ, ஒங்களுக்கு மூளை இல்ல" என்றாள் மனைவி. நான் காதில் வாங்கவில்லை. தினமும் ஆறு மணிக்கு உள்ளே கத்தல், வெளியே ஸ்தோத்திரம். பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் இதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார். "பல்லு எந்திரிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே கடையைத் திறப்பார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா "நல்லாத்தான் போகுது, ஆனா நுனி இன்னும் மூடல" என்பார். அந்த 'இன்னும்' என்னைத் தின்றது. பாப்பாவின் பல் போய்விட்டால் அவள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் தெரியும். கத்தல் விஷயத்தை மட்டும் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று ஒரு மிதப்பு.

ஒரு வருடம் ஆகப்போகிற சமயம், ஒரு நாள் காலையில் கத்தல் இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, கொப்பளிக்கிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். கதவைத் தட்டினேன். பாப்பா சாதாரணமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பல் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அவளைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். எதிரே தூக்கக் கலக்கத்தோடு பாய்.

"என்னங்க, இன்னைக்குப் பல்லு கத்தலையா? நான் கடையே தொறக்கல."

பஸ்ஸில் மலை இறங்கும் வரை மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தேன். பாப்பா ஜன்னல் ஓரம் தூங்கினாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். படத்தைத் திருப்பிக் காட்டினார். "வேர் நுனி மூடிருச்சு. பல்லு ஜம்முனு இருக்கு. அடுத்த எக்ஸ்ரேக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே, எதுக்கு இப்படி விழுந்தடிச்சு வந்தீங்க?"

சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"தெனமும் கத்துனாளா? மூடின பல்லு கத்துற அளவுக்கு வலிச்சா அதுதாங்க தப்பு! பாப்பா, வலிச்சுச்சா?"

பாப்பா இல்லை என்று தலையாட்டினாள். பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தொண்டை கட்டியிருந்தது. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"மொத வாரம் மட்டும் கூசுச்சு. அப்பறம் ஒண்ணுமே இல்ல" என்று கிசுகிசுத்தாள்.

"பின்ன ஏன் கத்துன?"

"அப்பா வெளிய நிப்பாங்க. கத்தலைன்னா அழுதுருவாங்க போல இருக்கும். இன்னைக்கும் கத்துனேன், சத்தம் வரல."

டாக்டரம்மா திரும்பி நின்று கை கழுவினார், ரொம்ப நேரம். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் சொல்தான் போயிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

மறுநாள் அவளுக்கு நானே வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பழக்கதோஷம், கதவுக்கு வெளியே போய் நின்றேன். கதவு கொஞ்சம் திறந்தது. வாயில் பேஸ்ட் நுரையோடு ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"அப்பா, அது உசுரோடதான் இருக்கு. நீங்க போய் டீ குடிங்க."