கதவைத் திறந்துவிட்டவள்

எனக்கு எழுபது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் நாலாவது பரீதாவின் வாழ்க்கையைக் கெடுத்தது அவள் புருசன் என்று ஊர் சொல்லும். இல்லை... நான்தான்!

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னிக்கச் சொல்லவில்லை.

பரீதாவின் மகள் ஸஹ்லா அஸர் தொழுகைக்குப் பிறகு தொலைக்காட்சியில் ஒரு தொடர் பார்ப்பாள். ஒருத்தி பறக்கிறாள். ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்குகிறாள். கெட்ட ஆண்களை அடித்து நொறுக்குகிறாள். பெண்ணுரிமைக் கதையாம்!

நானும் பக்கத்திலிருந்து எல்லாப் பாகமும் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரம்! மற்றப் பெண்களுக்கு அதில் என்ன வேலை? கத்துவது, ஓடுவது, கடைசியில் கை தட்டுவது. பஸ் தூக்க முடியாதவளுக்கு உரிமை இல்லையா? அந்தப் பறக்கிறவளுடைய தாயை முதல் பாகத்திலேயே சாகடித்துவிட்டார்கள். வசதிதானே! தாய் உயிரோடு இருந்தால், அவள் மகளுக்குச் செய்ததையும் காட்ட வேண்டி வருமே...

போன கிழமை ஸஹ்லா சொன்னாள்:

"எங்கட உம்மாவும் இவளப்போல இருந்திருந்தா வாப்பாட்ட அடி வாங்கியிருக்க மாட்டா. சரியான பயந்தாங்கொள்ளி, என்ன உம்மம்மா?"

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

பயந்தவளா பரீதா? கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு கொடுப்பது பெண்ணுக்குத்தான். வீட்டு உறுதிப் பத்திரமும் அவள் பேரில்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவான். ஸஹ்லா கைக்குழந்தை. ஒரு மத்தியானம், லுஹர் தொழுகை நேரம், அவன் வெளியே போனதும், அடியில் உதடு வெடித்த பரீதா அவன் சாரன், சட்டைகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தாள். கதவைப் பூட்டினாள். பறக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. என்ன துணிவு!

அவன் திரும்பி வந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டு, பின்வளவிலிருந்து நான் ஓடினேன்.

"தொற புள்ள! ஆம்புள வாசல்ல நிக்கான், சனம் பாக்குது!"

"இது என்ட ஊடு உம்மா. அவர் போகட்டும்."

"உன்ட ஊடா? கட்டித் தந்தது ஆரு? உனக்குக் கீழ மூணு குமரு இருக்கு. அதுகள ஆரு கலியாணம் முடிப்பான்?"

பின்பக்கக் குசினி வழியாக நுழைந்து, அவள் விரல்களைப் பிரித்துக் கதவுப் பூட்டின் திறப்பைப் பிடுங்கினேன். கதவைத் திறந்து, "வாங்க மருமகன்" என்று சிரித்தேன்... சிரித்தேன்!

அதன்பின் பன்னிரண்டு வருடம் அடித்தான். பிறகு இன்னொருத்தியிடம் போனான். போகும் நாளையும் அவனே தீர்மானித்தான்!

இளையவர்கள் மூவருக்கும் நல்ல இடம் கிடைத்தது. அதைச் சொல்லி மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. பரீதா என்னை ஒரு நாளும் காட்டிக்கொடுக்கவில்லை. மகள் கோழை என்றபோதும், கேட்டுக்கொண்டே குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பேரை அவள் தலையில் விட்டுவிட்டு நான் மரியாதையோடு கண்ணை மூடி மௌத்தாகவா?

"ஸஹ்லா, இஞ்ச வா புள்ள. நான் எழுதினது சரியா எண்டு மொதல்ல இருந்து வாசி. மெல்ல இல்ல... சத்தமா வாசி. உம்மா குசினிக்குள்ள நிக்கா, அவக்கும் கேக்கணும்."