பரமலிங்கமும் ஒரு புதுக் கிற்றாரும்

ஐந்து ரூபாய் நாணயக் குற்றியால் தட்டிக்கொண்டே வருகிறார். பருத்தித்துறைக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பைபர் படகின் வயிற்றில் சாணுக்கு ஒரு தட்டு. சத்தம் எங்கே மாறிக் கேட்கிறதோ அங்கே சோக்கால் ஒரு வட்டம். அந்த இடத்தில் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பரமலிங்கத்துக்கு வயது ஐம்பத்தாறு. படகுகளின் வெடிப்பை அடைத்து வர்ணம் பூசுவது தொழில், தட்டுவது பழக்கம். சந்தையில் பூசணிக்காய், வங்கியில் கண்ணாடித் தடுப்பு, என் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி, ஒன்றையும் விட்டதில்லை. "தாலி கட்டேக்கை என்ரை தலையை மட்டுந்தான் தட்டிப் பாக்கேல்லை" என்பார் மனைவி பத்மாசினி. கையில் பிசின் வாடை போகாது என்பதால் மீன்குழம்புச் சோற்றையும் கரண்டியால்தான் சாப்பிடுவார்.

அவருடைய பெயர் கரையில் நிற்பது ஒரு பிடிவாதத்தால். வெடிப்பை அடைக்காமல் மேலே வர்ணம் மட்டும் பூசித் தரச் சொன்னால் தரமாட்டார். படகை விற்கப் போகும் சிலர் அப்படிக் கேட்பதுண்டு. பரமலிங்கம் பூசியது என்றால் வாங்குகிறவன் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கை போய்விட்டால் தூரிகையைக் கடலில் எறிந்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டியதுதான் என்பார்.

இவரிடம்தான் போன மாதம் நிருஷன் வந்தான். கொடிகாமத்தில் கைபேசி திருத்துகிறவன். கோயில் திருவிழாக்களில் ஓர் இசைக்குழுவோடு பேஸ் கிற்றார் வாசிப்பான். பதினொரு வருடமாகக் குழுவின் பொதுக் கிற்றாரையே வாசித்தவன் இப்போதுதான் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தான். முகம் பார்க்கலாம் போன்ற கறுப்பு. அதைப் பழசாக்கித் தரவேண்டுமாம். கைபேசியில் படங்களும் வைத்திருந்தான். வர்ணம் உரிந்து மரம் தெரிகிற கிற்றார்கள். வெளிநாட்டில் இதைக் கடையிலேயே செய்து கொடுக்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பரமலிங்கத்துக்கு வரவில்லை. கிற்றாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டார்.

"புதுசோடை மேடையிலை நிண்டா, நேற்றுப் பழகினவன் எண்டு நினைக்கினம், அண்ணை. நான் பதினொரு வருசமா வாசிக்கிறன்."

ஒரு கிழமை அவர் அதைத் தொடவில்லை. கண்டவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி. பழையதைப் புதிது என்று காட்டுவது பொய்; அப்படியென்றால் புதியதைப் பழையது என்று காட்டுவது? படகில் பொய் சொன்னால் ஆள் சாவான், கிற்றாரில் சொன்னால் யார் சாவது, செய்து கொடுங்கள் என்றேன். "ஆள் சாகாட்டி அது பொய் இல்லையோ?" என்று கேட்டார். பதில் பத்மாசினியிடமிருந்து வந்தது. மகளின் கலியாணத்துக்கு மீசைக்கு மை பூசின மனிசனுக்கு இப்பதான் ஞானம் பிறந்திருக்கு என்றார்.

பிறகு ஒரு நாள் நிருஷனைக் கூப்பிட்டார். அவனுடைய வலது முழங்கையிலும் பெருவிரலிலும் இடுப்புப் பட்டியிலும் நீலச் சோக்குத்தூளை அப்பிவிட்டு, வாசிக்கச் சொன்னார். மதியத்திலிருந்து பின்னேரம்வரை வாசித்தான். ஒலிபெருக்கி இல்லாததால் பக்கத்து அறையில் யாரோ நடப்பதுபோலத்தான் கேட்டது. பரமலிங்கம் பாட்டைக் கவனிக்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் பார்த்தால், கிற்றாரில் கை கிடந்த மேல்விளிம்பு நீலம். பெருவிரல் ஊன்றிய இடம் நீலம். முதுகில் பட்டி உரசிய இடமும் நீலம். வலை இழுத்து இழுத்துத் தேய்ந்த படகின் விளிம்பைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

தந்திகளுக்குக் கீழேயும் பெரிதாக ஒரு கீறல் வேண்டும் என்று நிருஷன் படத்தைக் காட்டினான். அங்கே நீலம் இல்லை.

"உம்மடை கை போகாத இடத்திலை நான் கீறமாட்டன், தம்பி. மற்ற இடமெல்லாம் எப்பிடியும் தேயத்தான் போகுது. நான் கொஞ்சம் முந்தித் தேய்க்கிறன்."

தேய்க்கும் தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து மூன்று நாள் தேய்த்தார். நாலாம் நாள் நானும் போயிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பத்து வருடம் வாசித்த கிற்றார்தான் அது. நிருஷன் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவனுடைய சந்தோசம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பரமலிங்கத்தின் முகம் மட்டும் தெளியவில்லை.

கிற்றாரைத் திரும்ப வாங்கினார். படகின் மேல் சாக்கை விரித்து அதைக் குப்புறப் படுக்க வைத்தார். முதுகில், வயர்களை மூடியிருக்கும் சின்ன மூடியின் நாலு திருகாணிகளையும் கழற்றினார். படகுக்கு இலக்கம் எழுதும் மெல்லிய தூரிகையை வெள்ளை வர்ணத்தில் தோய்த்து, மூடியின் உட்பக்கத்தில் எழுதினார்: '2025இல் புதிது. பழசாக்கியது பரமலிங்கம், பருத்தித்துறை.' எழுத்துக் காயும்வரை வாயால் ஊதினார். பிறகு மூடியைத் திரும்பப் பூட்டி நிருஷனிடம் கொடுத்தார்.