இரட்டிப்பாகத் தெரிந்த ஆரைக்கீரை

எனக்கு வாய் ஜாஸ்தி. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இதைச் சொல்லாத ஆளே கிடையாது. குவாலிட்டியில் இருப்பவள் வாயைத் திறக்காவிட்டால் லைனில் எவன் மதிப்பான்?

வேலையோடு வேலையாகப் பகுதி நேரமாக பிஎச்.டி.யும் செய்துகொண்டிருந்தேன். ஃபெர்ன் என்கிற பெரணிச் செடிகளில் ஒரு செல்லுக்குள் மொத்தம் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது, அந்த அளவு எப்படிக் கூடிக் குறைந்து வந்தது என்பதுதான் ஆராய்ச்சி. பூக்கும் செடிகளில் எப்போதாவது டி.என்.ஏ. மொத்தமாக இரண்டு மடங்கானால், போகப்போக வேண்டாததைக் கழித்துவிடும். பெரணிகள் லேசில் கழிக்காது. வேலை செய்யாத மரபணுக்களைக்கூடச் சுமந்துகொண்டே இருக்கும். அதனால் பல பெரணிகளுக்கு மனுஷனைவிட டி.என்.ஏ. அதிகம். வயலோரம் முளைக்கிற நம் ஆரைக்கீரையும் பெரணிதான். சொன்னால் எங்கள் பக்கம் சிரிப்பார்கள். ஆனால் அதன் நீர்ப்பெரணிக் கூட்டத்துக்கு மட்டும் அளவு சிறியது. அந்த அளவு எங்கேயாவது மறுபடி பெருகுகிறதா என்று தேடித்தான் ஏரி, வாய்க்கால் என்று ஷிஃப்ட் முடிந்து அலைந்தேன்.

வல்லம் வடகாலில் ஒரு காம்பவுண்டுச் சுவரோரம் மிச்சமிருந்த பழைய வாய்க்காலில் பறித்த ஆரை, மற்ற ஆரையைவிட இரண்டு மடங்கு டி.என்.ஏ. காட்டியது. என் கைடு மேடம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதுதாம்மா உன் தீசிஸே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. அளவு தெரிந்த ஒரு செடியின் இலையையும், நம் இலையையும் ஒன்றாக நறுக்கி, டி.என்.ஏ. அளக்கும் மெஷினில் விட வேண்டும். அதோடு ஒப்பிட்டால்தான் கணக்கு சரி. அதற்கு நான் வளர்த்த பட்டாணிச் செடி அன்று வாடிக் கிடந்தது. லேபில் எனக்கு இருந்ததோ அரை மணி நேரம். காலையில் வேறொருவர் பட்டாணிக்கு எடுத்த அளவையே எடுத்துக்கொண்டேன். நடுவில் யாராவது மெஷின் செட்டிங்கை மாற்றியிருந்தால் என் இரண்டு மடங்கு வெறும் புஸ்வாணம். இன்னொரு தடவை அளந்துவிடலாம் என்று நினைத்தேன். ஓ.டி., ஓ.டி. என்று மாதங்கள் ஓடின. அதற்குள் அந்த வாய்க்காலை கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். போகட்டும், மாடியில் ஒரு பக்கெட்டில் அதே ஆரை கொஞ்சம் வைத்திருக்கிறேனே என்று தைரியமாக இருந்தேன்.

ஒருநாள் லைனில் ஒரு கான்ட்ராக்ட் பெண், மாஸ்டர் பீஸை வைத்து, அளக்கிற கருவியான கேஜைச் சரிபார்க்காமல் பாகங்களை அளந்துகொண்டிருந்தாள். மாஸ்டர் பீஸ் என்றால் அளவு உறுதியாகத் தெரிந்த பாகம். அவளைத் திட்டிக் கிழித்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே, "காலையில இருந்தவங்க பார்த்திருப்பாங்கன்னு வுட்டுட்டேன்க்கா" என்றாள். வாடிக் கிடந்த என் பட்டாணிச் செடி கண் முன்னால் வந்தது. ஊருக்குத்தான்டி உபதேசம், உனக்கு இல்லை என்று மனசு காறித் துப்பியது. நாளைக்கே லீவு போட்டு அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கோரப்பசி. மாமியார் சுடச்சுடச் சோறும் கீரைக்கூட்டும் போட்டார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

"சூப்பரா இருக்கு. இன்னா கீரை அத்தை?"

"மாடியில பக்கெட்ல வளத்துனு கீறியே, அதாம்மா. சுகருக்கு நல்லதுன்னு நீதானே சொன்ன?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "யாரைக் கேட்டுப் பறிச்சீங்க? வேராவது கீதா?"

"இன்னாமா, கீரைக்குப் போயி இந்தக் கத்து கத்துற? வேரெல்லாம் ஒரே சேறு. குப்பை வண்டியில போட்டுட்டு பக்கெட்டைக் கழுவி வெச்சேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் மேல் என்ன தப்பு? அந்த பக்கெட் எதற்கென்று வீட்டில் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், ஏன் இன்னும் அளக்கவில்லை என்று யாராவது கேட்பார்களோ என்று பயம்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர், "செடியே இல்லைங்கறப்ப யாரும்மா வந்து சரிபார்க்கப் போறாங்க? கீழே ஒரு குறிப்பு போட்டுட்டு வுட்டுடு" என்றார். என் மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

முடியாது என்றேன். அவர் முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து, தீசிஸ் அட்டவணையிலிருந்து அந்த வாய்க்கால் ஆரையின் வரியை அழித்தேன். தீசிஸ் சப்பென்று ஆகிவிட்டது, ஆகட்டும். பொய்யாக இருந்தால் போய்த்தொலையட்டும். ஆனால் அது நிஜமாக இருந்திருந்தால்? அந்த வாய்க்காலில் அப்படி ஓர் ஆரை முளைத்தது என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்த வரிதான்.