வட்டக்காரனும் அப்பாவின் டோக்கனும்

போன மாதம் ரயிலில் உட்கார்ந்து ஒரு கார்ட்டூன் பார்த்தேன். நாற்பதை நெருங்கும் பொம்பளை, மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகிறவரை கார்ட்டூன் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்கிற கவலையெல்லாம் எனக்கு இல்லை. சின்ன வயதில் நான் உயிரை விட்ட தொடர் அது. யாரோ மொத்தத்தையும் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

மகா மட்டமாக இருந்தது. அவன் ஓடும்போது கால் மட்டும் ஆடுகிறது, உடம்பு பொம்மை மாதிரி அப்படியே நிற்கிறது. பின்னால் ஒரே மரம் நாலு தடவை வந்து போகிறது. இதற்காகவா ஞாயிற்றுக்கிழமை பல்கூடத் தேய்க்காமல் டிவி முன்னால் கிடந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. அதைவிடப் பெரிய ஏமாற்றம், அவன் நெஞ்சில் இருக்கும் வட்டம் இளஞ்சிவப்பு நிறம். எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. அதில் அந்த வட்டம் வெளுப்பாக மின்னும். அது பித்தளை என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். அதில்தான் எல்லா வம்பும் ஆரம்பித்தது.

தொடர் இந்தியில் வரும். எங்கள் லைன் வீடுகளில் தமிழ் தெரியும், கன்னடம் தெரியும், தெலுங்கில் சண்டை போடத் தெரியும். இந்தி மட்டும் ஒரு பயலுக்கும் தெரியாது. அதனால் அவன் பெயர் என்னவென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. வட்டக்காரன் என்போம். நெஞ்சில் இருக்கும் வட்டத்தை அவன் ஒரு அழுத்து அழுத்தினால் பறப்பான், மலையைத் தூக்குவான். டிவி எங்கள் வீட்டு டிவி என்பதால் அவன் என்ன பேசுகிறான் என்று மற்ற பிள்ளைகளுக்கு நான்தான் சொல்வேன். எனக்கும் ஒன்றும் புரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்வேன். நம்பினார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார். ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை டோக்கன் உண்டு. உள்ளே இறங்கும்முன் அதை லாம்ப் ரூமில் கொடுத்துவிட்டுத் தலைவிளக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். டோக்கனை அங்கே பலகையில் அவரவர் ஆணியில் மாட்டிவைப்பார்கள். மேலே வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

அப்பா ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முதலில் அவர் சட்டைப் பையை வெளியிலிருந்து தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் காபி. தினமும் இப்படித்தான். ஆள் எதிரே நிற்கும்போது பையைத் தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? புருஷன் பையில் சில்லறை தேடுகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் வட்டக்காரன் தொடரில் ஒரு சுரங்கம் வந்தது. ஆட்கள் வரிசையாக உள்ளே போனார்கள், சுரங்கத்தின் வாய் அடைத்துக்கொண்டது, அதோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலையில் எழுந்ததும் ஒரு யோசனை தோன்றியது. அப்பா சட்டை ஆணியில் தொங்கியது. பையிலிருந்து டோக்கனை எடுத்தேன். அதன் ஓட்டையில் ஊக்கைக் கோர்த்தேன். ஒரு துண்டை முதுகுப் பக்கம் தொங்கவிட்டு, இரண்டு முனையையும் நெஞ்சுக்குக் கொண்டுவந்து டோக்கனோடு சேர்த்துக் குத்திக்கொண்டேன். அதை மறைக்க மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்குவார். கார்ட்டூன் பார்க்கிறவர் இல்லை. சுரங்கம் வந்ததால் முந்தின வாரம் எழுந்து உட்கார்ந்தவர் இந்த வாரமும் வந்து உட்கார்ந்தார். வட்டக்காரன் வந்தான், பாறையைப் பிளந்தான், ஆட்களை வெளியே கொண்டுவந்தான். எல்லோரும் அவனைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

“எல்லாரும் வந்துட்டாங்களா?” என்று அப்பா கேட்டார்.

“வந்துட்டாங்கப்பா.”

“எண்ணிப் பாத்தியா?”

“இன்னாத்துக்கு எண்ணணும்? வட்டக்காரன் கூட்டினு வந்துட்டான் இல்ல?”

“அவன் எண்ணினானா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, போங்கப்பா” என்று கத்தினேன். தொடர் முடிந்து சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சயனைடு மலைக்குப் போனேன். மலை என்று பேர்தான். தங்கத்தைப் பிரித்தபிறகு கொட்டின மண், வருஷக்கணக்கில் குவிந்து கிடப்பது. அதன் சரிவில் ஒரு மேடு பார்த்து நின்றேன். டோக்கனை ஒரு அழுத்து அழுத்தினேன், குதித்தேன். பறந்தேன் என்றே இப்போதும் தோன்றுகிறது. கீழே வந்து விழுந்தபோது வாயெல்லாம் மண். கைதட்டினார்கள். மறுபடி குதித்தேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது, நெஞ்சில் கை வைத்தால் டோக்கன் இல்லை. ஊக்கும் இல்லை.

தேடினோம். சாம்பல் மண்ணில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அப்பா பையைத் தடவினார். பிறகு அவரும் அம்மாவும் ட்ரங்க் பெட்டியில், பாய்க்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால் எல்லாம் தேடினார்கள். நானும் கூடவே தேடினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் தேடினேன். அடுப்புக்குள்கூட எட்டிப் பார்த்தேன்.

டோக்கன் இல்லாமல் யாரையும் கீழே விட மாட்டார்கள். விடாததும் சரிதான். அப்பாவை மேலேயே மரம் தூக்க வைத்தார்கள். புதன்கிழமை காலைக்குள் டோக்கன் கிடைக்காவிட்டால், தொலைத்தது எப்படி என்று டைம் ஆபீஸில் கடுதாசி எழுதித் தரவேண்டும். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு ஓடிய காலம். ஃபைலில் ஒரு கடுதாசி இருந்தால் அவனைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஆண்கள் பயந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் எட்டவில்லை. அப்பா வெளிச்சத்தில் வேலை செய்கிறார், மூஞ்சி சுத்தமாக இருக்கிறது, நல்லதுதானே என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்ததும் அம்மாவின் கை சட்டைப் பை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது.

செவ்வாய்க்கிழமை அம்மா துண்டைத் துவைக்க உதறினார். மண் கொட்டியது. முனையில் ஓட்டை.

“இன்னாடி இது? ஊக்கு குத்தின ஓட்டை?”

சொல்லிவிட்டேன். கைக்கு எட்டிய கரண்டியால் முதுகில் நாலு வைத்தார். “பறக்கப் போனாளாம்! வட்டக்காரனாம்! வரச் சொல்லுடி அவன, நாளிக்கி உங்கப்பனுக்குப் பதிலா அவன் எறங்கட்டும்!”

அப்பா அப்போதுதான் வாசலில் வந்து நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

“அடிக்காத, உடு” என்றார். “எங்க குதிச்சன்னு காட்டும்மா.”

வெளிச்சம் போவதற்குள் மூவரும் மலைக்கு ஓடினோம். அம்மா கையில் மாவு சல்லடை. நான் காட்டிய மேட்டைப் பார்த்து அப்பா என்னை அதன்மேல் ஏற்றினார். அதே துண்டை என் கழுத்தில் கட்டினார்.

“அன்னிக்கி எப்படி குதிச்சியோ அப்படியே குதி.”

குதித்தேன். நான் விழுந்த இடத்தில் ஒரு குச்சி நட்டார். “சும்மா எறங்குற. அன்னிக்கி இப்படியா எறங்கன? கத்தினுதான குதிச்ச? கத்து.” கத்திக்கொண்டு குதித்தேன். இன்னொரு குச்சி. “இப்பதான் சரியா உழுந்த. இன்னொரு வாட்டி.” அப்பா, அம்மா இரண்டு பேரும் கீழே நின்று பார்க்க, முதுகு எரிய, அழுதுகொண்டே வட்டக்காரன் மாதிரி கத்திக் குதித்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான பறத்தல் கிடையாது.

நாலு குச்சிகளுக்கு நடுவில் இருந்த மண்ணை அம்மா சலித்தார். சலிக்கும்போதெல்லாம் வட்டக்காரனையும் அவன் பரம்பரையையும் திட்டினார். திட்டு பாதியில் நின்றது. சல்லடையில் டோக்கன் கிடந்தது, வளைந்துபோன ஊக்கோடு.

அம்மா அதை அப்பா கையில் கொடுக்கவில்லை. முந்தானையில் துடைத்து, தானே அவர் பையில் போட்டார். வெளியிலிருந்து இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். மறுநாள் அப்பா கீழே இறங்கினார். சில வருஷத்தில் சுரங்கத்தை மூடினார்கள்; அவர் எல்லோரையும்போல டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ரயிலில் அந்தச் சுரங்கக் கதையின் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பார்த்தேன். வட்டக்காரன் பாறையைப் பிளந்ததும் அப்பாவின் கேள்வி ஞாபகம் வந்தது. நிறுத்தினேன். முதல் பாகத்துக்குப் போய் உள்ளே போகிறவர்களை எண்ணினேன். ஏழு பேர். வெளியே வந்தவர்களை எண்ணினேன். ஆறு. படம் வரைந்தவன் மறந்திருக்கிறான், வேறொன்றும் இல்லை. மூன்று தடவை எண்ணினேன், ஆறுதான். ஆறு பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அதன்பிறகு பெங்களூர் வரை ஜன்னலைத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் இருமல் வருகிறது. அந்தக் கார்ட்டூன் ஞாபகம் இருக்கிறதா, ஏழு பேர் போய் ஆறு பேர்தான் வந்தார்கள் என்றேன்.

“ஆமா” என்றார். இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். “குட்டையா ஒருத்தன், கழுத்துல துண்டு கட்டினு கடைசியா போனான் பாரு. அவன் வரல.”

போனை எடுத்துப் பார்த்தேன். கடைசி ஆள் குட்டைதான். கழுத்தில் துண்டு.

அன்றைக்கு அப்பா அவனைத்தான் தேடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் அவருடைய டோக்கனைக் குத்திக்கொண்டு, கைதட்டிக்கொண்டிருந்தேன்.