ஆறு டிஸ்க்கும் ஒரு கல்யாணமும்

எங்கள் ஸ்டூடியோவில் கேமரா என் வீட்டுக்காரர் பொறுப்பு, கம்ப்யூட்டர் என் பொறுப்பு. நெய்வேலி டவுன்ஷிப்பில் நடக்கும் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று அவர் எடுத்து வருவார்; நான் வெட்டி ஒட்டுவேன். எல்லாம் பின் அறையில் இருக்கும் சர்வருக்குள் போய்விடும். ஆறு டிஸ்க் செருகிய கறுப்புப் பெட்டி அது. ஒரு டிஸ்க் போனால் மற்ற ஐந்தும் சேர்ந்து சமாளித்துவிடும். இரண்டு போனால் மொத்தமும் போச்சு.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை கடையைத் திறந்தால், மூன்றாவதிலும் நான்காவதிலும் சிவப்பு விளக்கு. உள்ளே பக்கத்து பிளாக் மைன்ஸ் ஊழியர் ஒருவரின் மகள் கல்யாணம் இருந்தது. கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்தாகிவிட்டது. வேறு பிரதி கிடையாது.

கல்யாணத்துக்கு முதல் நாள் அந்த அப்பா மண்டபத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மகள் கழுத்தில் தாலி ஏறியபோது அவர் ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் கிடந்தார். ஒரே பெண். உறவுக்காரர்கள் போனில் எடுத்ததைக் காட்டப் போனால் மனிதர் கண்ணை மூடிக்கொண்டாராம். எனக்குப் போன் செய்து, "துண்டு துண்டா பாக்க மாட்டேம்மா. கூட நின்னுகினு பாக்குற மாதிரி முழுசா பாக்கணும். நீ குடு, அப்ப பாக்கறேன்," என்றார்.

இந்த மனிதரிடம் போய் என்னவென்று சொல்வது?

"ரெண்டும் செத்துப்போச்சு போல. புதுசு வாங்கிப் போட்டா சரியாயிடாதா?" என்றார் வீட்டுக்காரர். திரையும் அதையேதான் கேட்டது: புதிதாக அமைக்கவா? அமைத்தால் உள்ளிருப்பது அத்தனையும் அழியும். மவுஸ் பக்கம் அவரை அண்டவிடவில்லை. ஆத்திரம் ஒரு பக்கம் இருந்தாலும் மூளை வேறு கணக்குப் போட்டது. அந்த இரண்டும் இந்த வருஷம்தான் புதிதாக வாங்கிப் போட்டவை; பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் புது டிஸ்க் இரண்டும் ஒரே ராத்திரியில் சாகுமா?

சர்வரை முறையாக அணைத்தேன். டிஸ்க்குகளுக்கு எண் எழுதி ஒட்டிவிட்டு, அந்த இரண்டையும் உருவி, முனையில் ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்து, ஒவ்வொன்றாக என் பழைய கம்ப்யூட்டரில் மாட்டிச் சோதித்தேன். எதையும் எழுதவில்லை, படிக்க மட்டும் செய்தேன். இரண்டும் கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருந்தன. அப்படியென்றால் கோளாறு டிஸ்க்கில் இல்லை, அது உட்காரும் இடத்தில்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது செருகியின் உள்ளே மஞ்சளாக என்னவோ ஈரம் கோத்து அப்பியிருந்தது. நான்காவதிலும் அதேதான். முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

"ஆயுத பூஜைக்கு இதுக்குமா பொட்டு வெச்சீங்க?" என்று கத்தினேன்.

"மைன்ஸ்ல மண்ணு வெட்டுற அம்மாம்பெரிய மிஷினுக்கே வெக்கறாங்க. ஒன் டப்பாவுக்கு வெக்கக் கூடாதா?"

"வெளியில வெக்க வேண்டியதுதான?"

"எல்லாத்துக்கும் மேலாலதான் வெச்சேன். புதுசு ரெண்டுல வாரண்டி ஸ்டிக்கர் மேல கை படக் கூடாதுன்னு நீதான சொன்ன? அதான் ஓரமா வெச்சேன்."

ஓரம் என்று அவர் சொன்னது, செருகியில் போய் உட்காரும் முனை. நான் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உருவித் துடைத்து, பக்தியோடு குழைத்து வைத்திருக்கிறார். காய்ந்து கிடந்தவரை வேலை செய்தது. மழை ஈரம் பட்டதும் காலை வாரிவிட்டது. என் பேச்சை இவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் இப்படி!

மொபைல் ரிப்பேர் கடையில் கிளீனர் வாங்கி, மெல்லிய பிரஷ்ஷால் நானே துடைத்தேன். நன்றாக உலரவிட்டு, எண்படி செருகி, பட்டனை அழுத்தினேன். பச்சை. ஆறும் பச்சை. வேறு எதையும் தொடாமல் முதலில் அந்தக் கல்யாணத்தை மட்டும் தனி டிஸ்க்கில் நகலெடுத்தேன். அது முடிந்ததும் என் வீட்டுக்காரர் டீ வாங்கி வந்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வெட்டி ஒட்டி முடித்ததும் நாங்களே அவர் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய், என் லேப்டாப்பை மாட்டி டிவியில் போட்டோம். மனிதர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தார். மண்டப வாசலில் வண்டி நிறுத்துவதைக்கூட வேகமாக ஓட்டவிடவில்லை.

கெட்டிமேளம் வந்தது. தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அட்சதை. கல்யாணத்தன்று மனைவி கொண்டுவந்து கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். டிவியைப் பார்த்து வீசினார். மறுபடி அள்ளி வீசினார். என் லேப்டாப் மேலெல்லாம் அரிசி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, தட்டிவிடவும் தோன்றவில்லை.

பொட்டலம் காலியானதும் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற குரலில் சொன்னார்:

"ம், பந்தியக் காட்டும்மா. யாரு சாப்புடாம போய்ட்டாங்கன்னு பாக்கணும்."